ஹெல்மெட் போட்ட அப்பா

புனேயில் யாரும் ஹெல்மெட் போடாத காலத்தில் நான் போட்டேன். தொண்ணூறுகளில் அந்த ஊர்ப் பெண்கள் வண்டி ஓட்டும்போது கண்ணை மட்டும் விட்டுவிட்டு முகம் முழுக்கத் துப்பட்டாவைச் சுற்றிக்கொள்வார்கள். ஆண்கள் தொப்பி வைத்துக்கொள்வார்கள். ஹெல்மெட் போடச் சொன்னால் மட்டும் சண்டைக்கு வருவார்கள். புனேயின் ஓரத்தில் போபோடியில் எங்கள் சந்திலிருந்து நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம் ஸ்கூட்டரில் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்கும் தாடை வாரை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் கிளம்புவேன். மே மாத வெயிலிலும் கழற்றமாட்டேன். ஆசிரியர் அறையில் நுழைந்ததும் "விண்வெளியில எல்லாரும் சௌக்கியமா?" என்று இந்தியில் விசாரிப்பார்கள். வீட்டில் என் மனைவி, "ஏனுங்க, பால் வாங்கறதுக்குக் கூடவா அண்டாவைக் கவுத்துட்டுப் போகோணும்?" என்பாள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். உயிரியல் வாத்தியாருக்குத்தான் மூளையின் அருமை தெரியும் என்று ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

உண்மையான காரணம் வேறு. அதை முப்பது வருடம் யாரிடமும் சொல்லவில்லை.

பதினோரு வயதில் பொள்ளாச்சியில் எங்கள் வீட்டு வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டேன். காயம் இல்லை, வீக்கம்கூட இல்லை. அரை மணி நேரம் கழித்துக் கண்ணுக்குள் வெளிச்சக் கோடுகள் ஓடின. வலது கை மரத்துப்போனது. நாக்கு தடித்து வார்த்தை குழறியது. வாந்தி எடுத்துவிட்டுத் தூங்கியவன் மறுநாள் மதியம்தான் எழுந்தேன், ஒன்றும் நடக்காதவன் போல. என் அப்பா ஆச்சரியப்படவே இல்லை. அவருக்கும் ஒருமுறை பஸ் கம்பியில் தலை இடித்து அரை நாள் பேச்சு வராமல் இருந்திருக்கிறது. அவருடைய தங்கை, என் அத்தை, பதினேழு வயதில் சைக்கிளிலிருந்து சரிந்து விழுந்தாள். எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு தானே வீட்டுக்கு நடந்து வந்தாள், படுத்தாள், மூன்றாம் நாள் இறந்துபோனாள். காய்ச்சலில் போய்விட்டாள் என்று ஊருக்குச் சொன்னோம். வீட்டுக்குள் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

எனக்குப் பெண் பார்க்கப் போன அன்று, பெண்ணின் அப்பா காபி கொடுத்துவிட்டு, "நாம ரெண்டு பக்கமும் எதையும் மறைக்க வேண்டாமுங்க" என்று தொடங்கினார். அவருடைய மச்சானுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்துகொண்டிருந்தது என்றும், இப்போது இல்லை என்றும் அவராகவே சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கு உடம்புல ஏதாச்சும் உண்டுங்களா?" என்றார். என் அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். நான், "ஒண்ணும் இல்லீங்க" என்றேன். உண்மையைச் சொன்ன அந்த வீட்டை என் அம்மா அதற்கப்புறம் சும்மா விடவில்லை. மருமகளோடு எந்தச் சண்டை வந்தாலும், "வலிப்புக்கார வீட்டுல பொண்ணெடுத்தா இப்படித்தான்" என்பதில் வந்துதான் முடிப்பாள். நான் அந்த நேரம் பார்த்துச் செய்தித்தாளை எடுத்துக்கொள்வேன்.

எங்களுக்கு ஒரே மகள். நான் அவளை அம்மிணி என்றுதான் கூப்பிடுவேன். புனேயிலேயே வளர்ந்தவள். வீட்டில் தமிழ் பேசுவாள், ஆனால் பாதி வழியில் இந்தி வண்டியில் ஏறிவிடுவாள். படிப்பில் சுமார், கபடியில் சூரப்புலி. போபோடியில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன மண் மைதானம் இருந்தது. அங்கே ஃபேக்டரியில் வேலை பார்க்கும் ஒரு மராத்திக்காரர் தினமும் சாயங்காலம் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பார். அம்மிணி பன்னிரண்டு வயதில் அங்கே போய் நின்றாள், பதினாலு வயதில் அந்த அணிக்காகக் 'கபடி கபடி' என்று பாடிப்போகும் முதல் ஆள் அவள்தான். எதிரணிக் கோட்டுக்குள் நுழைந்து ஒருத்தியின் தோளைத் தொட்டுவிட்டு அவள் திரும்பி வரும் வேகத்தைப் பார்த்தால் எனக்கே கர்வமாக இருக்கும். கர்வப்பட்ட அதே நொடியில் அவள் தலை எதிலாவது படுகிறதா என்று பார்ப்பேன்.

வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் இருந்தது. சொல்ல முடியாத காரணம். அதனால் சொத்தைக் காரணங்களாகச் சொன்னேன். படிப்பு கெடும் என்றேன். கறுத்துப்போவாய் என்றேன். கேரம் விளையாடேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். மனைவி மகள் பக்கம் நின்றாள்.

"அவளுக்கு நல்லா வர்றது இது ஒண்ணுதானுங்க. இதையும் பிடுங்கோணுமா?"

எல்லாருக்கும் அப்படி ஆவதில்லையே, என் அண்ணனுக்கு ஒன்றும் வரவில்லையே என்று எனக்கு நானே கணக்குப் போட்டேன். பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று எனக்குத் தெரியும். வருடா வருடம் பத்தாம் வகுப்புக்கு அதைத்தான் கரும்பலகையில் நான்கு கட்டம் போட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன், நெட்டைப் பட்டாணி, குட்டைப் பட்டாணி என்று.

முதல் அடி ஒரு மழைக்காலத்தில் விழுந்தது. பயிற்சியில் அம்மிணியும் இன்னொரு பெண்ணும் ஒரே பக்கம் பாய்ந்து இருவர் தலையும் முட்டிக்கொண்டன. அந்தப் பெண் என் வகுப்பு மாணவி. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஆடப் போய்விட்டாள். அம்மிணியும் எழுந்து ஆடினாள். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது அவள் கையிலிருந்து ஸ்பூன் விழுந்தது. எடுத்தாள், மறுபடி விழுந்தது.

"அப்பா, ஹாத்... கை வந்து... ஸுன் ஆயிருச்சு" என்றாள். கை மரத்துவிட்டது என்று சொல்லும் அந்தச் சின்ன வாக்கியமே குழறியது.

என் மனைவி அலறியடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். என்ன நடக்கிறது என்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். இனி வாந்தி எடுப்பாள், பிறகு தூங்குவாள். அப்படியே நடந்தது. மறுநாள் மதியம் எழுந்து பசிக்கிறது என்றாள். பயிற்சியாளர் வீட்டுக்கே வந்து பார்த்தார். "ஸர், அந்த அளவு அடி மைதானத்துல தினம் விழும். இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ணு நான் பார்த்ததில்ல" என்றார். மனிதர் நிஜமாகவே பயந்துபோயிருந்தார்.

இரண்டு நாள் கழித்து வகுப்பில் அந்த மாணவி கையைத் தூக்கினாள். "ஸர், ரெண்டு பேருக்கும் ஒரே இடிதானே? எனக்கு ஒண்ணும் ஆகல. அவளுக்கு மட்டும் ஏன்?"

நல்ல கேள்வி. பதினைந்து வருட வாத்தியார் வேலையில் என்னிடம் கேட்கப்பட்டதிலேயே நல்ல கேள்வி. பின்னால் கரும்பலகையில் முதல் நாள் போட்ட நான்கு கட்டம் அழியாமல் இருந்தது. நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அவ சரியா பால் குடிக்கறதில்ல" என்றேன். வகுப்பு சிரித்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டாள்.

மனைவியின் பிடிவாதத்தால் நரம்பு மருத்துவரிடம் போனோம். நாற்பது வயதிருக்கும் ஒரு மராத்திப் பெண்மணி, நிதானமாகப் பேசுபவர். ஸ்கேன் சுத்தமாக இருந்தது. பிறகு பேனாவை எடுத்து, குடும்பத்தில் யாருக்காவது ஒற்றைத் தலைவலி, வலிப்பு, சின்ன அடிக்குப் பிறகு ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது, இப்படி ஏதாவது உண்டா என்று கேட்டார். என் மனைவி தனக்குத் தெரிந்த இந்தியில் எல்லாவற்றையும் கொட்டினாள். அவள் அம்மாவின் தலைவலி, அவள் மாமனின் வலிப்பு, எந்த வயதில் வந்தது, எப்போது நின்றது, ஒன்றையும் விடவில்லை. மருத்துவர் எழுதிக்கொண்டே வந்து என் பக்கம் திரும்பினார்.

"உங்கள் பக்கம்?"

பதினாறு வருடமாக எனக்கு அருகில் படுத்தவள் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். இப்போது 'ஆமாம்' என்றால் அந்தப் பதினாறு வருடத்துக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும். அவள் அப்பா காபி கொடுத்த அந்த மத்தியானத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"இல்லை" என்றேன்.

மருத்துவர் அதையும் எழுதிக்கொண்டார். இரண்டு வாரம் ஓய்வு, பிறகு மெல்ல ஆரம்பிக்கலாம் என்றார். என் அத்தை எப்படிச் செத்தாள் என்று நான் சொல்லியிருந்தால் அவர் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார். இதை அவரே பிறகு என்னிடம் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் இன்னும் காதில் இருக்கிறது.

அந்தக் குளிர்காலத்தில் மாவட்ட அணிக்குத் தேர்வு நடந்தது. மகளுக்கு உடல் கோளாறு எதுவும் இல்லை என்று பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். மனைவி காலையிலேயே எழுந்து எலுமிச்சை சாதம் கட்டினாள். மூவரும் போனோம். நான் ஸ்கூட்டரில், ஹெல்மெட்டோடு. அவர்கள் இருவரும் ஆட்டோவில்.

மூன்றாவது முறை பாடிப்போனபோது அம்மிணியை நான்கு பேர் கைகோத்துச் சங்கிலி போட்டு மடக்கினார்கள். விழும்போது அவள் தலை ஒருத்தியின் இடுப்பில் பட்டது. இடித்தது என்று சொல்ல முடியாது, பட்டது. அவள் எழுந்து, எங்களைத் தேடிப் பார்த்துச் சிரித்து, கட்டைவிரலைக் காட்டினாள். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு மைதான ஓரத்தில் அம்மாவின் மடியில் படுத்துத் தூங்கிவிட்டாள். களைப்பு என்றாள் என் மனைவி. நான் போய்த் தட்டினேன். எழவில்லை. பயிற்சியாளர்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார்.

நான்கு நாள் அவள் கண் திறக்கவில்லை. மூளை வீங்கியிருக்கிறது, இந்த அடிக்கு இவ்வளவு வீங்கக் காரணமே இல்லை என்று சொன்னார்கள். இரண்டாம் நாள் காலை அந்த மருத்துவர் என்னைத் தனியாக வராந்தாவுக்கு அழைத்து, "இன்னொரு தடவை யோசியுங்க. உங்க வீட்டில் யாருக்கும் எதுவும் இல்லையா? தெரிந்தால் நாங்கள் வேறு மாதிரி யோசிக்கலாம்" என்றார். அங்கே சொன்னேன். அப்பா, அத்தை, நான், எல்லாவற்றையும். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டார். கடைசியில், என் மனைவிக்குத் தெரிய வேண்டாம் என்று கெஞ்சினேன்.

"நான் போய்ச் சொல்லமாட்டேன். சொல்ல வேண்டியது நீங்கள்" என்றார். மருந்தை மாற்ற உள்ளே போய்விட்டார்.

அன்று மதியம் நாங்கள் அதே வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு நாளாகத் தலை வாராமல் இருந்தாள் என் மனைவி. திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னை மன்னிச்சிருங்க."

"எதுக்கு புள்ள?"

"எங்க வீட்டு ரத்தமுங்க இது. எங்க மாமனுக்கு வந்ததுதான் இவளுக்கு வந்திருக்குது. உங்க அம்மா சொன்னப்பெல்லாம் எனக்குக் கோவம் வந்துச்சு. அவங்க சொன்னது நெசமாப் போச்சுங்களே."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். வந்தது இதுதான்: "விடு. இதுல உன் தப்பு என்ன இருக்குது. ரத்தத்தை யாரு மாத்த முடியும்?"

அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். என் தப்புக்கு அவள் மன்னிப்புக் கேட்டாள், நான் பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டேன்.

அம்மிணி பிழைத்துக்கொண்டாள். வலது கால் லேசாகத் தடுமாறும். வேகமாகப் பேச நினைத்தால் சொல் சிக்கும். கபடி முடிந்தது. பயிற்சியாளர் வாரம் ஒருமுறை வந்து அவளோடு உட்கார்ந்து பழைய ஆட்டங்களைப் பேசிவிட்டுப் போவார். என் மனைவி செவ்வாய்க்கிழமை விரதம் எடுத்தாள். மாலையில் முருகன் கோயிலுக்குப் போய் வந்த பிறகுதான் பச்சைத் தண்ணீர்கூட. தன் வீட்டிலிருந்து வந்த பாவத்தைத் தானே கழிக்க வேண்டும் என்று நினைத்தாள். தன் மாமனோடு பேச்சைக்கூடக் குறைத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமைகளில் பள்ளிக்கூடம் கிளம்புமுன் எனக்கு மட்டும் தோசை ஊற்றிக் கொடுப்பாள். நான் சாப்பிடுவேன். ஏழு வருடம் சாப்பிட்டேன்.

அதற்குள் நாங்கள் புனேயிலேயே கோந்த்வா பகுதியில் ஒரு ஃபிளாட்டுக்கு மாறியிருந்தோம். அம்மிணி கல்லூரி முடித்து ஒரு பள்ளியில் விளையாட்டுப் பிரிவில் உதவி வேலை பார்த்தாள். அடிபட்ட பிள்ளைகளை உடனே களத்திலிருந்து வெளியே கூப்பிடுவதில் கெடுபிடி என்று பெயர் எடுத்தாள். வருடாந்தரப் பரிசோதனை ஒன்றில் மருத்துவர், இப்போது இதற்கு ரத்தப் பரிசோதனை செய்யலாம், மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும், மூன்று பேரும் கொடுத்தால்தான் எங்கிருந்து வந்தது என்று தெரியும் என்றார். அம்மிணி என்னைக் கேட்காமலே கையை நீட்டினாள். என் மனைவியும் நீட்டினாள். நான் மூன்றாவதாக நீட்டினேன்.

முடிவு வர ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. மருத்துவர் தாளை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா?"

நான் சுவரில் மாட்டியிருந்த மூளைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே சொன்னார். விளையாடுகிற பிள்ளைகளில் ஒரே அடிக்கு ஒருத்தர் எழுந்து ஓடுவதும் இன்னொருத்தர் படுத்துவிடுவதும் ஏன் என்பதில் முக்கால்வாசி இன்னும் யாருக்கும் தெரியாது. பரம்பரையில் வரும் பல சின்னச் சின்ன வித்தியாசங்கள் சேர்ந்து ஏதோ செய்யலாம் என்று நினைக்கிறார்கள், நிச்சயமில்லை. ஆனால் எங்கள் வீட்டு விஷயம் தெளிவு. மூளைச் செல்களுக்குள் கால்சியம் போகிற ஒரு வாசலைக் கட்டும் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. அந்த மாற்றம் மகளுக்கு இருக்கிறது, அப்பாவுக்கு இருக்கிறது. அம்மாவுக்கு இல்லை.

என் மனைவிக்கு முதலில் புரியவில்லை. "எனக்கு இல்லீங்களா?" என்று இரண்டு முறை கேட்டாள். மருத்துவர் இரண்டு முறையும் இல்லை என்றார். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆட்டோவில் மகள் நடுவில் உட்கார்ந்தாள். வண்டி சிக்னலில் நின்றபோது, சொல் சிக்காமல் இருக்க மெதுவாக, ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டாள்.

"அப்பா, நீங்க ஹெல்மெட் எதுக்குப் போட்டீங்க?"

அவள் குரலில் கோபம் இல்லை. விடை தெரிந்தேதான் கேட்டாள். அந்தக் கேள்விக்கு என் வழக்கமான பதில், மூளையின் அருமை, நாக்கு நுனி வரை வந்தது. சிக்னல் விழுந்து ஆட்டோ கிளம்பிவிட்டது. அவள் மறுபடி கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை காலை நான் குளித்துவிட்டு வந்தபோது மேசையில் இரண்டு தட்டு இருந்தது. என் மனைவி எனக்கு எதிரே உட்கார்ந்து தோசையைப் பிட்டுச் சட்னியில் தொட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். ஏழு வருடத்தில் முதல் செவ்வாய். நான் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். பாதித் தோசையில் அவள் நிமிர்ந்தாள்.

"ஆஸ்பத்திரியில நான் மன்னிப்புக் கேட்டப்போ, உங்களுக்கு எப்படி இருந்துச்சுங்க?"

எத்தனையோ பதில் சொல்லியிருக்கலாம். செத்துப்போயிடலாம் போல இருந்தது என்று சொல்லியிருக்கலாம், அவள் நம்பியும் இருப்பாள்.

"நிம்மதியா இருந்துச்சு" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். இன்னொரு தோசையை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.